மானியம் நிலத்தின் பெயரில் வருகிறது

பிப்ரவரி மாதம் முழுவதும் எங்கள் அலுவலகத்தில் உழவர்களின் வருமான வரிக் கணக்கு வேலைதான். அமெரிக்காவில் மற்றவர்களுக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. காலாண்டுதோறும் முன்வரி கட்டாத உழவர்கள் மட்டும் மார்ச் 1-ஆம் தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்து வரியையும் முழுவதுமாகக் கட்டிவிட்டால் அபராதம் கிடையாது என்று ஒரு விதி இருப்பதால், இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில், மக்காச்சோளமும் சோயாபீனும் தவிர வேறெதுவும் பெரிதாக விளையாத எங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அது), அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். விதை ரசீதுகள், டீசல் ரசீதுகள், தானியக் கிடங்கு கொடுத்த விற்பனைச் சீட்டுகள் ஆகியவற்றோடு 1099-ஜி என்ற ஒரு தாளும் அவர்களுடைய கோப்பில் இருக்கும். அதன் ஏழாம் கட்டத்தில் அச்சாகியிருக்கும் தொகைதான் அந்த ஆண்டில் மத்திய அரசின் வேளாண் துறை அந்த உழவருக்குக் கொடுத்த பணம். நான் அதை எடுத்து, பண்ணைக் கணக்கான எஃப் அட்டவணையின் நான்காம் வரியில் எழுதுகிறேன். இந்த வேலையில் இருப்பதால், அந்தப் பணம் யாருக்கு, எந்த அடிப்படையில் போகிறது என்பதைப் பற்றி எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. அதை இங்கே விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

விளைச்சல் பொய்த்த உழவருக்கு அரசு கைகொடுக்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மக்காச்சோளம், கோதுமை, சோயாபீன், நெல், பருத்தி, நிலக்கடலை முதலிய பயிர்களுக்கான முக்கிய மானியத் திட்டங்களில் பணம் கணக்கிடப்படுவது, இந்த ஆண்டு யார் எதை விதைத்தார் என்பதை வைத்து அன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் வேளாண் துறையின் ஏட்டில் 'பேஸ் ஏக்கர்' என்று ஓர் எண் பதிவாகியிருக்கிறது. பழைய ஆண்டுகளில் அந்த நிலத்தில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது என்பதிலிருந்து உருவான எண் அது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் 1998 முதல் 2001 வரையிலான சாகுபடியின் சராசரியை வைத்து அதைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதித்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்கு அந்த ஏக்கர்களை மாற்றிக்கொள்ள விட்டதே தவிர, மொத்தத்தைக் கூட்டிக்கொள்ள விடவில்லை. ஆகவே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முழுக்கச் சோயாபீன் விதைக்கப்படும் ஒரு வயலுக்கு மக்காச்சோள பேஸ் இருக்கலாம். மக்காச்சோளத்தின் விலை விழுந்தால் அந்த வயலுக்குப் பணம் வரும். நிலம் கைமாறினால் பேஸும் நிலத்தோடு போகிறது. அதை உருவாக்கிய உழவர் மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆகியிருந்தாலும், அவர் விதைத்த கணக்கு வயலில் தங்கிவிடுகிறது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததன்று. ரூசவெல்ட் காலத்தில் 1933 மே மாதம் நிறைவேறிய வேளாண் சரிக்கட்டுச் சட்டம், விலை வீழ்ச்சியைத் தடுப்பதற்காகச் சாகுபடிப் பரப்பைக் குறைத்தவர்களுக்குப் பணம் கொடுத்தது. வளர்ந்து நின்ற பருத்தியை உழுது மடக்கியதும், லட்சக்கணக்கான பன்றிக்குட்டிகளைக் கொன்றதும் அந்த ஆண்டுதான். பதப்படுத்தும் ஆலைகள் மீது வரி போட்டு அந்தப் பணத்தைத் திரட்டியது செல்லாது என்று 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே ஆண்டு வேறொரு சட்டமும், 1938-இல் முழுமையான புதிய சட்டமும் வந்தன. இதில் என் மனத்தை விட்டு அகலாதது தென் மாநிலங்களில் நடந்தது. பருத்திப் பரப்பைக் குறைத்ததற்கான பணம் பெரும்பாலும் நில உரிமையாளர்களின் கைக்குப் போயிற்று. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில், உழுதவர்களுக்கு அதில் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், பலர் கொடுக்கவில்லை. பரப்பு குறைந்துவிட்டதால் உழுதவர்களே தேவையில்லை என்று குடிசையை விட்டு வெளியேற்றியவர்களும் உண்டு. ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற சிற்றூரில் 1934-இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் கொடுமையை எதிர்த்துத்தான். பணம் நிலத்தைத் தேடிப் போகும்போது உழுபவர் என்ன ஆவார் என்பதற்கான விடை, இந்தத் திட்டங்களின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், விலை ஏறினாலும் இறங்கினாலும், விதைத்தாலும் விதைக்காவிட்டாலும், பழைய கணக்கின்படி நிலத்துக்குப் பணம் என்று ஆக்கியது. அதுவே 2002-இல் 'நேரடிப் பட்டுவாடா' என்று நிலைத்தது. மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 28 சென்ட். ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறக்குறைய 25 கிலோ. 2000-ஆம் ஆண்டு முதல் உழவுத்தொழிலே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலருக்குக் குறையாமல் போயிருக்கிறது என்று 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. நெல் விளைந்த நிலம் வீட்டுமனையாகிவிட்ட பிறகும் அதன் பெயரில் பணம் வந்துகொண்டிருந்ததை அது எடுத்துக்காட்டியது. 2014-இல் நேரடிப் பட்டுவாடா நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்த இரண்டு திட்டங்கள்தாம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று பிஎல்சி: நாடு முழுவதற்குமான ஆண்டுச் சராசரி விலை, சட்டம் குறித்த ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுப்பது. மற்றொன்று ஏஆர்சி: விலையையும் மகசூலையும் பெருக்கி வரும் வருமானம் குறைந்தால் கொடுப்பது. பேஸ் ஏக்கரோ இரண்டிலும் அப்படியே தொடர்கிறது.

ஏஆர்சியில் பெரும்பாலோர் எடுப்பது கவுண்டி வகை. அதில் பார்க்கப்படுவது உழவரின் மகசூல் அன்று. அவருடைய கவுண்டியின் சராசரி மகசூல். கடந்த ஐந்து ஆண்டுகளில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுத்து, விலைக்கும் அதையே செய்து, இரண்டையும் பெருக்குவார்கள். அந்தத் தொகையில் 86 சதவீதத்துக்கு அரசு உத்தரவாதம் தந்துவந்தது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 90 ஆக்கியிருக்கிறது. விளங்குவதற்காகப் பழைய விகிதத்திலேயே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவுண்டியின் வழக்கமான மகசூல் ஏக்கருக்கு 200 புஷல், விலை 3.70 டாலர் என்றால் அடிப்படை வருமானம் 740 டாலர். உத்தரவாதம் 636 டாலர் 40 சென்ட். அந்த ஆண்டு கவுண்டியின் மகசூல் 170 புஷலாகவும் விலை 3.50 டாலராகவும் குறைந்தால் வருமானம் 595 டாலர். துண்டு விழுவது 41 டாலர் 40 சென்ட். பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் என்பதால், ஒரு பேஸ் ஏக்கருக்கு 35 டாலர் 19 சென்ட் கைக்கு வரும். அடுத்த கவுண்டிக்கும் இதே அடிப்படை என்று வைத்துக்கொண்டு, அங்கே ஒரு மழை கூடுதலாகப் பெய்து மகசூல் 185 புஷலாக நின்றுவிட்டால், வருமானம் 647 டாலர் 50 சென்ட். அது உத்தரவாதத்தைத் தாண்டிவிட்டதால் அங்கே எவருக்கும் ஒரு சென்ட்கூட வராது.

எங்கள் கவுண்டியின் எல்லை பல இடங்களில் ஒரு சரளைக் கற்சாலைதான். அதன் இரண்டு பக்கமும் குத்தகைக்கு எடுத்து உழும் ஓர் இளைஞரின் கணக்கை நான் பார்க்கிறேன். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். வறட்சி கண்ட ஓர் ஆண்டில் சாலையின் தென்பக்கத்து வயலுக்குப் பணம் வந்தது. வடபக்கத்து வயலுக்கு வரவில்லை. இரண்டிலும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே நாளில் விதைப்பு. அறுவடை இயந்திரத்தின் திரையில் பதிவான மகசூலைப் பார்த்தால் வடபக்கத்து வயல்தான் அதிகம் அடிவாங்கியிருந்தது. ஆனால் அந்த வயல் இருக்கும் கவுண்டியின் மறுகோடியில் நல்ல மழை பெய்து சராசரியைத் தூக்கிவிட்டது. இழப்பு ஓரிடத்திலும் நிவாரணம் வேறிடத்திலுமாக விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, இந்தத் திட்டத்தைப் பாதுகாப்பு வலை என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

திருத்தங்கள் நடக்காமலும் இல்லை. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு, நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தாலும், பதிவேடு எந்தக் கவுண்டி அலுவலகத்தில் இருக்கிறதோ அந்தக் கவுண்டியின் கணக்கே பொருந்தியது. அதன் பிறகுதான் நிலம் உள்ள இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1,400 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பும் 1,90,000-க்கு மேற்பட்ட பேஸ் ஏக்கரும் கொண்ட பெரிய கவுண்டிகளில், நாடு முழுவதும் 25-ஐ மட்டும் பிரித்துக் கணக்கிடவும் அனுமதி வந்தது. மகசூல் புள்ளிவிவரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் மாற்றம் வந்தது. முன்பு அரசின் புள்ளியியல் பிரிவு உழவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பே முதன்மையாக இருந்தது. ஒரு கவுண்டியில் போதிய உழவர்கள் பதில் அனுப்பவில்லை என்றால் அந்தக் கவுண்டிக்குச் சராசரியே வெளியாகாது. பக்கத்துக் கவுண்டிக்குக் கணக்கெடுப்பு எண்ணும் இந்தக் கவுண்டிக்குப் பயிர்க் காப்பீட்டுப் பதிவுகளில் உள்ள எண்ணுமாகப் போய், அதனால் பெரிய வேறுபாடுகள் எழுந்தன. இப்போது காப்பீட்டுத் தரவுக்கே முதலிடம். தன் பண்ணையின் மகசூலையே வைத்துக் கணக்கிடும் ஏஆர்சி வகை ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதில் பேஸ் ஏக்கரில் 65 சதவீதத்துக்குத்தான் பணம் என்பதால் மிகச் சிலரே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கவுண்டியை அளவுகோலாக்கியதன் உச்சம் 2019-இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாபீன் மீது 25 சதவீதக் கூடுதல் தீர்வை விதித்தபோது, அரசு முதலில் புஷல் கணக்கில் ஈடு கொடுத்தது: சோயாபீனுக்கு 1 டாலர் 65 சென்ட், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட்டைக் கண்டு மக்காச்சோள உழவர்கள் கொதித்தார்கள். மறுஆண்டு அந்த முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை நிர்ணயித்தார்கள். அது 15 டாலர் முதல் 150 டாலர் வரை கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்டது. அந்தக் கவுண்டியில் வழக்கமாக என்னென்ன விளைந்தன என்பதை வைத்துத் தொகை முடிவானதால், சோயாபீனே விதைக்காதவருக்கும் சோயாபீன் மட்டுமே விதைத்தவருக்கும் ஒரே கவுண்டிக்குள் ஒரே தொகை. வரப்புக்கு அப்பால் வேறு கவுண்டி என்றால் வேறு தொகை. விதைப்பைப் பார்த்துத் தொகை வைத்தால் எல்லாரும் சோயாபீனையே விதைப்பார்கள் என்ற அச்சம்தான் இதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நடுவே, மூன்று மைல் தள்ளியிருக்கும் உறவினருக்கு ஏன் கூடுதலாகக் கிடைத்தது என்ற பேச்சு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓயவில்லை.

இனி, வந்த பணம் உழவரின் கையில் தங்குகிறதா என்ற கேள்வி. இங்கே நிலத்தில் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்துத்தான் உழுகிறார்கள். உரிமையாளர்களில் பலர் சிகாகோவிலோ ஃபுளோரிடாவிலோ இருக்கும் வாரிசுகள். நிலத்தை வங்கியின் அறக்கட்டளைப் பிரிவோ பண்ணை மேலாளரோ பார்த்துக்கொள்கிறார். பாதிக்குப் பாதி வாரம் இந்தப் பகுதியின் பழைய வழக்கம். அந்த ஏற்பாட்டில் உரிமையாளருக்கும் மானியத்தில் பங்கு உண்டு. ரொக்கக் குத்தகையில் மானியம் முழுவதும் உழுபவருக்கே என்பது விதி. ஆனால் பேஸ் ஏக்கர் நிரம்பிய நிலத்துக்கு ஏலம் கேட்பதுபோல நாலுபேர் போட்டியிடும்போது, வரப்போகும் மானியத்தையும் சேர்த்தே குத்தகையைக் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். விலை விழுந்த பிறகும் குத்தகை எளிதில் இறங்குவதில்லை. நான் பார்க்கும் கணக்குகளில் நான்காம் வரியில் மானியம் ஏறிய ஆண்டைத் தொடர்ந்து, குத்தகைச் செலவு வரியும் ஏறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மானியம் நிலத்தின் விலையிலும் குத்தகையிலும் கலந்துவிடுகிறது என்று வேளாண் பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாக எழுதிவருவதும் இதைத்தான். நிலம் வைத்திருப்பவருக்கு இது ஆதாயம். நிலம் தேடும் இளைஞருக்கு இது நுழைவுக் கட்டணம்.

இதோடு உச்சவரம்பின் கதையும் சேர்ந்துகொள்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கு மேல் இந்தத் திட்டங்களில் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1,55,000 டாலராக உயர்ந்திருக்கிறது. வரம்பு ஆளுக்குத்தானே தவிரப் பண்ணைக்கு அன்று. கூட்டுப் பங்காண்மையாகப் பதிவு செய்த பண்ணையில், 'உழவில் முனைப்பாக ஈடுபடுபவர்' என்று காட்ட முடிகிற ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு. உழைப்பு வேண்டியதில்லை, மேலாண்மையில் பங்கிருந்தாலும் போதும். 2018-இல் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளையும் குடும்ப உறுப்பினர் வரையறைக்குள் சேர்த்தார்கள். சட்டத்துக்கு உட்பட்டுத்தான் எல்லாம் நடக்கிறது. உழவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. சட்டத்தை இப்படி எழுதியவர்கள் மீதுதான் என் வருத்தம்.

கவுண்டி அலுவலகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்எஸ்ஏ எனப்படும் பண்ணைச் சேவை முகமையின் அலுவலகங்கள் நாடு முழுவதும் 2,000-க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உழவர்களே தேர்ந்தெடுக்கும் குழு உண்டு; நவம்பரில் அஞ்சலில் வாக்குச்சீட்டு வரும். ஜூலை 15-க்குள் எந்த வயலில் என்ன விதைத்தோம் என்று வான்படத்தைப் பார்த்துக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். அரிக்கும் நிலத்தையும் சதுப்பையும் கெடுக்கவில்லை என்று உறுதி தர வேண்டும். அக்கம்பக்கத்தை அறிந்தவர்கள் முடிவெடுப்பது நல்லது என்பதே நோக்கம். அந்த நெருக்கமே தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்களுக்கு எதிராகத் திரும்பியதையும் மறக்கக் கூடாது. கடனும் உதவியும் மறுக்கப்பட்டதாக 1997-இல் அவர்கள் வேளாண் துறை மீது தொடர்ந்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்து, 100 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. விடுபட்டவர்களுக்காக 2010-இல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் பல குடும்பங்களின் நிலம் கைவிட்டுப் போய்விட்டிருந்தது. நிலம் போனால் பேஸும் போயிற்று. அந்த இழப்பை எந்தச் சமரசத் தொகையும் ஈடுசெய்யவில்லை.

கவுண்டி என்ற அளவு நன்றாக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. 1985-இல் தொடங்கிய சிஆர்பி திட்டத்தில், எளிதில் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் புல் வளர்த்துவிட ஒப்புக்கொள்பவருக்கு அரசு வாடகை தருகிறது. ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாக இதில் சேர்க்க முடியாது. எல்லா நிலமும் புல்லாகிவிட்டால் விதை விற்பவர், உரம் விற்பவர், தானியக் கிடங்கு, டிராக்டர் பழுதுபார்ப்பவர் என்று அந்த ஊரே படுத்துவிடும் என்பதால் வைத்த வரம்பு அது. ஊரை நினைத்து எழுதப்பட்ட விதி என்று இதைத் தயங்காமல் பாராட்டுவேன்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் ஆதார விலைகளை உயர்த்தியது: மக்காச்சோளத்துக்கு 3.70 டாலரிலிருந்து 4.10, சோயாபீனுக்கு 8.40-இலிருந்து 10 டாலர். நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்கவும் அது வழிசெய்தது. அண்மை ஆண்டுகளில் உழைத்து விதைத்தவரின் சாகுபடிதான் அதற்கும் ஆதாரம். ஆனால் பேஸ் ஒட்டிக்கொள்வது நிலத்தோடு. விதைத்தவர் குத்தகைதாரராக இருந்தால், அடுத்த முறை குத்தகை பேசும்போது தன் உழைப்பால் வந்த பேஸுக்குத் தானே கூடுதல் விலை கொடுக்க நேரலாம். புதிய உழவர்களுக்கான காப்பீட்டுக் கட்டணச் சலுகையை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீட்டியது அதே சட்டத்தின் நல்ல பக்கம். அது ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. நான் கேட்பதும் அதுதான்: பேஸ் ஏக்கரை ஒரேயடியாக எடுத்துவிட முடியாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒரு பகுதியையாவது குறைத்து, அந்தப் பணத்தை உழுபவரின் சொந்த மகசூல் இழப்போடும் அவர் உழவுக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதோடும் இணைக்க வேண்டும்.

அது நடக்கும்வரை, குத்தகைக்கு நிலம் பேசும் இளைஞர்களிடம் நான் ஒன்றை விடாமல் சொல்லிவருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு 156-இஇசட் என்ற தாளின் நகலை உரிமையாளரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். அந்த நிலத்தின் பண்ணை எண், எந்தப் பயிருக்கு எத்தனை பேஸ் ஏக்கர், மகசூல் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓர் இலையுதிர் காலத்தில் அறுத்த பயிருக்கான மானியம் அடுத்த ஆண்டு அக்டோபரிலோ அதற்குப் பிறகோதான் வரும் என்பதால், இடையில் குத்தகை கைமாறினால் அந்தப் பணம் பயிர் வைத்த ஆண்டின் உழவருக்கு உரியது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.